ஆப்பிள் மரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது?

ஹியூவன் ஆற்றங்கரை,
ஏப்ரல் கடைசி வாரம்

லான்செஸ்டன் சபையின் மூப்பரும் எனக்கு வாய்த்த ஒரே அண்ணனுமாகிய மெர்வின் அவர்களுக்கு,

தங்கை வெர்னா உரிய மரியாதையோடு எழுதுவது. நானும் கோழிகளும் சுகம். தாங்கள் சுகமென்றும், தங்கள் முழங்கால் மட்டும் சுகமில்லை என்றும் எல்ஸ்பெத் அண்ணி போனில் சொன்னார்கள். முழங்காலுக்காக வருந்துகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். அந்தச் சாமியில் கொஞ்சம், இந்தச் சாமியில் கொஞ்சம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தால் கடைசியில் வெறுங்கையோடு நிற்பாய். அந்தப் புறமதக் கூத்தை விட்டால்தான் உன் வாசலை மிதிப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மிதிக்க வேண்டாம், இப்போதுதான் கழுவிவிட்டேன். ஆனால் நடந்தது என்னவென்று தெரிந்துகொண்டாவது திட்டுங்கள்.

போன குளிர்காலத்தில் என் ஆல்ஃப் இறந்தபோது சடங்கு நடத்திய மனிதர் ஒரு தாளைப் பார்த்து நல்ல வார்த்தைகளாகத்தான் வாசித்தார், ஆனால் அந்த வார்த்தைகளை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம், ஒன்றுகூட ஆல்ஃபுக்குப் பொருந்தவில்லை, வருடா வருடம் முதல் ஆப்பிளைப் பறிக்கும் முன்னால் மரத்தைத் தட்டி "வந்துட்டேன்டி கிழவி, குடுக்கிறதைக் குடு" என்று சொல்கிற மனிதரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், ஆகவே சாம்பலை பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுப்புத் திட்டின் மேல் வைத்துவிட்டேன், சரியாக வழியனுப்பாத மனிதரைப் பார்த்துக்கொண்டே தினமும் டீ குடித்தேன். அப்போதுதான் ஐசோல்ட் வந்தாள். மருந்துக்கடையில் வேலை செய்யும்போது அவள் பெயர் ஷெரில். சாயங்காலம் கறுப்புக் கம்பளிப் போர்வை போட்டால்தான் ஐசோல்ட். "இறந்தவங்க வீட்டுக்கு வர்ற நாள்னு ஒண்ணு இருக்கு அக்கா. அவங்களுக்கும் ஒரு தட்டு வெச்சு, பேச வேண்டியதைப் பேசலாம்" என்றாள். அண்ணா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். வேறு எதற்காகவும் இல்லை.

அந்த நாள் அக்டோபர் முப்பத்தொன்று என்று அவளுடைய புத்தகத்தில் இருந்தது. புத்தகம் இங்கிலாந்துப் புத்தகம். அங்கே அது இலையுதிர்காலம், இங்கே நமக்கு வசந்தம். நாங்கள் பத்துப் பேர் என் தோட்டத்தில் கூடினோம், ஆல்ஃபுக்கு ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்தேன், ஐசோல்ட் போர்வையைப் போட்டுக்கொண்டு "இலைகள் உதிர்ந்து உலகம் மடியும் இந்நாளில்" என்று வாசிக்கத் தொடங்கினாள், தலைக்கு மேலே ஆப்பிள் மரம் முழுக்கப் பூ, பூ முழுக்கத் தேனீ, வேலிக்கு அந்தப் பக்கம் புதுசாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகள் அம்மா அம்மா என்று கத்துகின்றன. பாதிப் பேருக்குப் பூந்தூளில் தும்மல். நெருப்பின் திசை தெற்கு என்று புத்தகம் சொன்னதால் மெழுகுவர்த்தியைத் தெற்கே வைத்தோம், நம் ஊரோ உலகத்தின் தென்கோடி, அதற்கும் தெற்கே என்ன இருக்கிறது, பனிக்கட்டியும் அங்கிருந்து வரும் காற்றும்தானே, ஏற்ற ஏற்ற அணைந்தது.

"மனசை ஒருமுகப்படுத்துங்க அக்கா, அதான் அணையுது."

"என் மனசு இல்லம்மா, காத்து. வெயில் நமக்கு வடக்கால இல்ல அடிக்குது? துணியை எந்தப் பக்கம் காயப் போடுற?"

"முன்னோர் வகுத்த முறை அக்கா, மாத்தக் கூடாது."

"உன் முன்னோர் இங்க துணி துவைச்சதில்லையே!"

அவள் முறைத்தாள். பிறகு கடிகாரம் சுற்றுகிற பக்கமாக வட்டம் சுற்றச் சொன்னாள், சூரியன் போகிற பக்கமாம். நம் சூரியன் வடக்கு வழியாக அல்லவா போகிறது, அப்படியென்றால் வட்டம் எதிர்ப்பக்கமாகத்தானே வரும் என்று நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன், ஐசோல்ட்மேல் மோதினேன், அவள் பின்னால் சாய, அங்கே புல்லில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அதன் கூட்டைச் சுற்றித்தான் இத்தனை நேரம் வட்டம் போட்டிருக்கிறோம். அது விட்ட கத்தலில் அதன் ஜோடியும் பறந்து வர, இரண்டும் சேர்ந்து பத்துப் பேரையும் கார் வரை விரட்டி அடித்தன. ஐசோல்டின் போர்வை இன்னும் என் வேலியில் தொங்குகிறது. "உங்களுக்கு நம்பிக்கை போதாது" என்று மறுநாள் செய்தி அனுப்பி, கூட்டத்திலிருந்து என்னை நீக்கிவிட்டாள்.

சிரித்து முடித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஆறிப்போன தட்டை எடுக்கப் போனபோது அழுதேன். செத்தவர்களைக் கூப்பிட வந்த இடத்தில் ஒரு உயிர் அடைகாத்துக்கொண்டிருக்கிறது, இந்த மண் என்ன சொல்கிறதென்று கேட்காமல் எங்கோ அச்சடித்த புத்தகத்தைக் கேட்டோமே என்று இருந்தது. சபையிலும் அதே கதைதான். கொளுத்தும் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குப் பஞ்சை ஒட்டிப் பனி செய்தது தாங்கள்தான்.

ஆகவே என் வழியை நானே வகுத்துக்கொண்டேன். இலை உண்மையிலேயே உதிர்கிற இந்த வாரம்தான் எனக்கு இறந்தவர்கள் நாள். விளக்கு வடக்கே. சுற்றுவது நம் சூரியன் போகிற பக்கம். ஆல்ஃபுக்குத் தட்டு, ஐசோல்டிடம் கற்றது. அம்மா பாடிய பாமாலைப் பாட்டு, சபையில் கற்றது. மரத்தைத் தட்டுவது, ஆல்ஃபிடம் கற்றது. கதம்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் பொய்யாக ஒரு சொல்லும் இல்லை. தச்சன் பழமொழியையும் யோசித்தேன் அண்ணா. எனக்கு மரத்தை வெட்ட வேண்டாம், அது நின்றால் போதும்.

சனிக்கிழமை சாம்பலை அந்தக் கிழவியின் வேரில் போடப் போகிறேன். தனியாகத்தான். யாரும் வர வேண்டியதில்லை, யாருடைய ஜெபமும் தேவையில்லை. தங்கள் கொள்கையைத் தாங்கள் காப்பாற்றுங்கள், என் கொள்கையை நான் காப்பாற்றுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. தங்கள் கர்த்தரும் என் ஆப்பிள் மரமும் தங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் தங்கை
வெர்னா பாஸ்கோ

பி.கு. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை ஒத்திகை பார்த்தேன். விளக்கு நின்றது, நடை சரியாக வந்தது. பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அம்மா மேல்குரல் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள், கீழ்க்குரல் உனக்கல்லவா? கீழே நீ இல்லாமல் இரண்டாம் அடிக்கு மேல் எனக்குக் குரல் ஏறவில்லை, டப்பாவைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். தாங்கள், தாங்கள் என்று எழுதியதெல்லாம் கோபம், அடித்துவிடு. சனிக்கிழமை நாலு மணிக்கு வா அண்ணா. உன் ஜெபத்தையும் கொண்டு வா, ஆல்ஃப் ஒன்றும் சொல்ல மாட்டார். நீ உன் பக்கமாகவே சுற்று, நான் என் பக்கமாகச் சுற்றுகிறேன். ஒரே மரம்தானே, எப்படியும் எதிரெதிரே வந்துவிடுவோம்.