மறதிக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே மண்டபம் நிரம்பி வழிந்தது. ஸ்கூட்டர்கள் தெருமுனை வரை நின்றன. உள்ளே முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐந்து மின்விசிறிகள்; அதில் சுற்றியது இரண்டு. மேடையில் வெள்ளை அங்கியும் மைக்குமாக முடிச்சு மகான்.

மகானின் கண்டுபிடிப்பு ரொம்ப எளிமையானது. வயதானவர்களுக்கு மறதி வருவது நோயே இல்லையாம். பொறாமைக்காரர்கள் கண் வைத்து ஞாபகத்தை முடிச்சுப் போட்டுவிடுகிறார்களாம். அவர் அதை அவிழ்த்துவிடுவாராம். ஊர் உலகத்து மருத்துவர்களெல்லாம் மூளையைப் படம் எடுத்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு முழக் கயிற்றில் காரியத்தை முடித்துவிட்டார். கட்டணம் கிடையாது. கயிறு மட்டும் வாசலில் இரண்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: மேடைக்கு ஒன்று, வீட்டுக்கு மகானே முடிச்சுப் போட்டுவைத்த ஒன்று. வேறு கடைக் கயிற்றுக்குச் சக்தி வராது!

நான்காவது வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளை ஏற்றுவதற்கு முன் மூட்டையை ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் தொழில் அவளுடையது. அந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. ஒரு பக்கம் அண்ணன், வங்கி மேலாளர், இரண்டு பட்டம் வாங்கியவர். மறுபக்கம் அப்பா.

அப்பா நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். மூன்று வருடமாக மறதி நோய். சட்டையின் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். குடியிருக்கும் தெருவிலேயே நின்று வழி கேட்பார். பெற்ற மகளை "மேடம்" என்பார். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆமாங்க, வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்." வாடிக்கையாளர்களிடம் நாற்பது வருடம் சொன்ன பொய். எல்லாம் மறந்த பிறகும் அது மட்டும் மறக்கவில்லை.

மருத்துவர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். "இது குணமாகாதும்மா. மாத்திரை கொஞ்சம் வேகத்தைக் குறைக்கலாம். தினமும் எல்லாம் ஒரே மாதிரி நடக்கட்டும். கதவுல படம் வரைஞ்சு ஒட்டுங்க. பேரு, முகம், நேத்து நடந்தது எல்லாம் நழுவும். ஆனா பழகின கைவேலை ரொம்ப நாள் கூடவே இருக்கும்."

மெக்கானிக் வீடு முழுக்க அட்டைகள் ஒட்டினாள். குளியலறைக் கதவில் வாளி, அலமாரியில் சட்டை. அப்பா அந்த வாளியைப் பார்த்துப் பார்த்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் அண்ணன் மகானின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். அட்டை ஒட்டினால் முடிச்சு இறுகுமாம், மாத்திரை போட்டால் இன்னும் இறுகுமாம். அட்டைகளைக் கிழித்தார். மாத்திரையைப் பூட்டிவைத்தார். மறுநாள் காலை, எந்தக் கதவு என்று தெரியாமல் அப்பா நடையிலேயே வேட்டியை நனைத்துக்கொண்டு நின்று அழுதார். அவரைத் துடைத்துவிட்டபோது மெக்கானிக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை.

"ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போவோம்மா," என்றார் அண்ணன். "முடிச்சு அவிழ்ந்தா மாத்திரைக்கு முழுக்கு. அவிழலைன்னா அட்டையெல்லாம் நானே திருப்பி ஒட்டறேன்."

"சரி. பேச்சு மாறக் கூடாது."

மேடையில் முதலில் ஓய்வுபெற்ற தபால்காரரை உட்காரவைத்தார்கள். மகான் கயிற்றில் முடிச்சுப் போட்டு இரண்டு இளைஞர்களிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முக்கி முக்கி இழுத்தார்கள். முடிச்சு இறுகியது. மகான் கயிற்றைத் தபால்காரரின் நெற்றியில் வைத்து, மேலே நீலத் துணியைப் போர்த்தி முணுமுணுத்தார். துணியை எடுத்தால் முடிச்சைக் காணோம்!

"இவங்க உங்க மனைவிதானே?"

"ஆமா."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்தால் தலை ஆடாதா? ஆனால் யோசிக்க யாருக்கு நேரம்? கை தட்டுவதற்கே சரியாக இருந்தது.

அடுத்தது அப்பா. அதே கயிறு, அதே துணி, அதே முணுமுணுப்பு. முடிச்சு மாயம்.

"இது உங்க மகள்தானே?"

"ஆமாங்க," என்றார் அப்பா மரியாதையாக.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் மேடையேறி மைக்கை வாங்கினாள். "அப்பா, நீங்க முன்னாடி விமானம் ஓட்டினீங்கதானே?"

"ஆமாங்க, வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்."

மண்டபம் குபீரென்று சிரித்தது. மகானும் சிரித்துச் சமாளித்தார். "உள்ளே இன்னொரு முடிச்சு மிச்சம் இருக்கு தாயே!"

"அப்போ அதை எங்கப்பாவே போடட்டும் சாமி. அவர் ஞாபகத்துல இருக்கிற முடிச்சு, அவர் கையால வர்றதுதானே நியாயம்? நீங்க போட்டதை நீங்களே அவிழ்க்கிறது என்ன பெரிய வித்தை?"

"அதானே!" என்றது கூட்டம். எந்தப் பக்கம் சுவாரசியமோ அந்தப் பக்கம் சாய்வதுதானே கூட்டம்.

மகான் அப்பாவின் சட்டையைப் பார்த்தார். மேல் பொத்தான் மூன்றாவது துளையில் இருந்தது. மகள் யாரென்றே தெரியாத கிழவர் என்ன முடிச்சுப் போட்டுவிடப் போகிறார்? "தாராளமா!" என்று கயிற்றைக் கொடுத்தார்.

அப்பா கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்தார். தரம் போதாது என்று முகம் சுளித்தார். பிறகு முதுகு நிமிர்ந்தது. சட்டையில் பொத்தானுக்குப் பதில் கயிற்றையே சுருட்டிப் பொத்தானாக்குவார்களே, அந்த முடிச்சு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நுழைத்து, ஈரப்படுத்தி, இழுத்து, பல்லால் ஒரு கடி. கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டுகொண்டது. மெக்கானிக் குனிந்து பார்த்தாள். அப்பா எங்கேயும் போய்விடவில்லை, அந்த விரல்களில் இருந்தார்.

மகான் துணியைப் போர்த்தி முணுமுணுத்தார். இன்னொரு முறை முணுமுணுத்தார். துணிக்குள் நகத்தால் பிறாண்டினார். வியர்வை அங்கியை நனைத்தது. ஐந்து நிமிடம் கழித்து மகானின் தலையும் துணிக்குள் போனது. பல்லை வைத்துப் பார்க்கிறார்!

அப்பாவுக்கு மனசு பொறுக்கவில்லை. கயிற்றை மெல்ல வாங்கிக்கொண்டு சொன்னார்: "அவசரப்படாதீங்க தம்பி. வச்சிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்."

நாற்காலிகள் குலுங்கின. சிரிப்பு அடங்குவதற்குள் தபால்காரரின் மனைவி சந்தேகப்பட்டு, வீட்டுக்கென்று வாங்கியிருந்த, மகான் முடிச்சுப் போட்ட இரண்டாவது கயிற்றை எடுத்தார். பெரிய முனைகளை இழுத்தார், இறுகியது. முடிச்சுக்குள் சுருண்டிருந்த சின்ன வாலை இழுத்தார், சடக்கென்று அவிழ்ந்தது.

"அடப்பாவி! இந்தச் சுருக்கு முடிச்சை நம்பியா அவரோட மாத்திரையை நிறுத்தினேன்?"

முந்நூறு பேரும் சின்ன வாலைத் தேடி இழுத்தார்கள். முந்நூறும் அவிழ்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேடையில் நீலத் துணி மட்டும் கிடந்தது. பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வங்கி மேலாளர் பூட்டிவைத்த மாத்திரையை வெளியே எடுத்துவைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அட்டை ஒட்டினார். வாளியைத் தலைகீழாக ஒட்டிவிட்டுத் திருத்தினார். தங்கை பசையை எடுத்துக் கொடுத்தாள். அப்பா வாளியைப் பார்த்தார், கதவைத் திறந்து உள்ளே போனார், வேட்டி நனையாமல் வெளியே வந்தார். வீட்டில் அதைவிடப் பெரிய அற்புதம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்த மண்டபத்தில் நோயாளிக்குக்கூடத் தன் தொழில் மறக்கவில்லை. நல்ல மூளையோடு வந்த முந்நூறு பேருக்குத்தான் யோசிக்க மறந்துபோயிருந்தது. அந்த மறதிக்கு மாத்திரை கிடையாது ஐயா, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம்; இப்போதே கொஞ்சம் யோசித்தால் போதும்.