நித்யஸ்ரீ கார்டன்ஸில் யாரும் இருமவில்லை

செம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கம் இருக்கும் நித்யஸ்ரீ கார்டன்ஸ் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீரங்கன் ஆகிய நான், கிடங்குப் புகை விஷயத்தில் நடந்ததை நடந்தபடி பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆபீஸில் டிராஃப்ட் எழுதிய கை. கோர்வையாகவே வரும், பயப்படாதீர்கள்.

போன கார்த்திகையில் எங்கள் காம்பவுண்டை ஒட்டியிருந்த ரசாயனக் கிடங்கு பற்றிக்கொண்டது. உள்ளே தின்னர், பழைய பேட்டரி, லேபிள் கிழிந்த டிரம்கள். மூன்று நாள் எரிந்தது. முதல் நாள் புகை மஞ்சளாக இருந்தது. இரண்டாம் நாள் பச்சை. மூன்றாம் நாள் என்ன நிறம் என்று பார்க்கக் கண்ணைத் திறந்தால்தானே? நாங்கள் கோவளம் ரிசார்ட், கேளம்பாக்கம் சம்பந்தி வீடு என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டோம்.

போகாதவள் பச்சையம்மா. எங்கள் கேட்டுக்கு வெளியே, கிடங்குச் சுவரோரம், இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். அறுபத்திரண்டு வீட்டுச் சட்டைக்கும் அவள்தான் கதி. திங்கட்கிழமை எல்லோருக்கும் ஆபீஸ் இருக்கிறது, துணி ரெடியாக இருக்கட்டும் என்று ரிசார்ட்டிலிருந்து அவளுக்குப் போன் போட்டவர்கள் சாட்சாத் நாங்களேதான். அவளும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்த்து முடித்தாள். திரும்பி வந்தபோது சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவள்தான் சட்டைக்கு ஒரு தரம் வண்டியைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

தை பிறப்பதற்குள் அவளால் பத்தடி நடக்க முடியவில்லை. நுரையீரல் பாதி போய்விட்டது, வீட்டிலேயே ஆக்ஸிஜன் கொடுக்கும் மிஷினும் மாசாமாசம் மருந்தும் இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். மிஷினை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. ஆனால் 'புகைப் பாதிப்பு அட்டை' இருப்பவருக்கு மட்டும். அந்த அட்டைக்காகத்தான் நான் அவளோடு தாம்பரத்துக்கு அலைந்தேன். பரோபகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் படுத்துவிட்டால் என் சட்டையை யார் தேய்ப்பது?

புகைப் பாதிப்பு நிவாரணச் சிறப்புப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. விதி மிகவும் தெளிவானது. படியேறி வந்துவிட்டால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று மனு தள்ளுபடி. ஏற முடியாவிட்டால் மனுதாரர் நேரில் ஆஜராகவில்லை என்று தள்ளுபடி. பச்சையம்மா ஒவ்வொரு மாடியிலும் கால்மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதால், அவள் வந்ததாகவும் கொள்ளலாம், வராததாகவும் கொள்ளலாம் என்று குறிப்பெழுதி மனுவை வாங்கிக்கொண்டார்கள். இதுவே பெரிய சலுகை என்று பியூன் காதில் சொன்னார்.

சிறப்பு அலுவலர் வேதசிரோமணி சாந்த சொரூபி. அவர் மேஜையில் ஏர் ப்யூரிஃபையர் ஒன்று மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. சம்பவ நாட்களில் சம்பவ இடத்தில் மனுதாரர் மூச்சு விட்டதற்கு ஆதாரம் கேட்டார். விடாமல் இருந்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டாளே என்றேன். அது அனுமானம், ஆதாரம் அல்ல என்றார். அடுத்த தடவை போனபோது அவருக்கு வேறொரு ஐயம் எழுந்திருந்தது.

"இஸ்திரிப் பெட்டியில கரிதானே போடறீங்க? அப்ப இது கிடங்குப் புகையா, உங்க சொந்தப் புகையா?"

"பதினெட்டு வருசமா அதே கரிதான் சார்," என்றாள் பச்சையம்மா. "அப்பல்லாம் வராத இருமலு இப்ப இன்னாத்துக்கு வருது?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்," என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாவது தடவை அவர் முகம் மலர்ந்திருந்தது. கோப்பில் ஒரு கடிதம் கிடைத்துவிட்டதாம், சிக்கல் தீர்ந்ததாம். எடுத்து வாசித்தார். "எங்கள் நகருக்குள்ளோ அதன் வாசலிலோ புகையோ, துர்நாற்றமோ, அவற்றின் சாயலோகூட எக்காலத்திலும் நுழைந்ததில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

முதல் வரியிலேயே எழுதிய ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாயலோகூட என்று எழுதக்கூடிய ஆள் இந்தத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தன்தான்.

நடந்தது இதுதான். தீ அணைந்த மறுநாள் டி.வி.யில் எங்கள் நகர் வளைவைக் காட்டிவிட்டார்கள். சங்கத் தலைவர் ராகவேந்திராவின் ஃபிளாட்டை வாங்க வந்த பார்ட்டி போனையே எடுக்கவில்லை. உடனே அவசரக் கூட்டம், உடனே அரசாங்கத்துக்குக் கடிதம், அறுபத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. சாம்பல் வாடை அதற்கப்புறமும் ஒரு மாசம் வீசியது என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வீடு ஏர் ப்யூரிஃபையர் வந்து இறங்கியது. கேட்டால் ஸ்டெபிலைசர் என்றார்கள். மொட்டை மாடியில் நுரையீரல் யோகா, ஹாலில் இமயமலை உப்பு விளக்கு, காலையில் டீடாக்ஸ் ஜூஸ். எல்லோருக்கும் அலர்ஜி. புகை மட்டும் யாருக்கும் இல்லை.

அதோடு விட்டோமா? உழைக்கும் மக்களின் குரலும் இருந்தால் கடிதத்துக்கு வெயிட் என்றார் ராகவேந்திரா. சட்டை வாங்கப் போன இடத்தில் நானே பச்சையம்மாவிடம் பேப்பரை நீட்டினேன். இன்னா சார் இது என்று கேட்டாள். நம்ம ஏரியா நல்லா இருக்கணும்னு ஒரு மனு என்றேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

வேதசிரோமணி அந்தக் கடைசிக் கையெழுத்தின் மேல் பேனாவை வைத்தார். "அம்மா, இது உங்களுதுதானே?"

பச்சையம்மா கடிதத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஏர் ப்யூரிஃபையரைப் பார்த்தேன்.

"என்னுதுதான் சார்," என்றாள். செயலாளர் சார் கேட்டுத்தான் போட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை.

வேதசிரோமணி கல்நெஞ்சர் அல்ல. சங்கம் கூடி, புகை வந்தது உண்மை என்று ஒரே ஒரு வரி தீர்மானம் போட்டுக் கொடுத்தால் மறுநாளே அட்டை தருவதாகச் சொன்னார். ஒரு வரிதானே என்று நானும் தெம்பாகத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அறுபத்திரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள், அறுபத்திரண்டு வீட்டாரும் இருமினார்கள். இருமல் தீர்மானத்தைத் தொடர்ந்து படிக்க விடவில்லை, மூன்று தரம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ராகவேந்திரா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். மனிதாபிமானம் என்று வந்தால் நம் நகரை யாரும் மிஞ்ச முடியாது என்றார். ஆனால் புதுசாக ஒரு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, பத்திரப்பதிவு முடியட்டும், அதுவரை பச்சையம்மாவுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு பொன்னாடை போர்த்தலாம் என்றார். கை தட்டினார்கள். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன்.

எல்லாக் கைகளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. என் கையில் பேனா இருந்தது. எனக்கும் ஒரு ஃபிளாட் இருக்கிறது, அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை அதை விற்கச் சொல்லி நச்சரிக்கிறான். வெட்கங்கெட்ட ஜன்மம், வேறென்ன சொல்ல? நடவடிக்கைக் குறிப்பில் அழகாக எழுதினேன்: தீர்மானம் ஆதரவின்றிக் கைவிடப்பட்டது. கூட்டத்தில் யாரும் இருமவில்லை.

மறுநாள் காலை சட்டை வாங்கப் போனேன். முந்தின சாயங்காலமே போர்த்திவிட்டிருந்த பொன்னாடை வண்டிக் கம்பியில் மடித்துக் கிடந்தது. பச்சையம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் ஆச்சு, சொல்லிட்டாங்களா?"

பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமுகிறேன், நிற்கமாட்டேன் என்கிறது. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"உனுக்கும் புட்ச்சிகிச்சா சார்? பேஜாரு பண்ணாத, போய் நீயும் ஒரு மனு எழுதிக் குடு," என்றாள். "மூணாவது மாடி. நின்னு நின்னு ஏறு."