தண்ணளிபுரத்து மாடுகள்

ஏழு மலைகளுக்கு நடுவே தண்ணளிபுரம் என்றொரு நாடு இருந்தது. ஈ எறும்புக்கும் தீங்கு நேரக் கூடாதென்று அதன் அரசர் ஆண்டுதோறும் பிரகடனம் செய்வார். அந்தக் கருணையை உலகம் காணும்படி மலையுச்சியில் ஒரு கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கான கற்களை மாடுகள் இழுத்தன.

அஞ்சுகம் அந்நாட்டின் விலங்கு வதைத்தடுப்பு ஆய்வாளர். மலைப்பாதையில் அவள் முதலில் நிறுத்தியது சின்னாண்டியின் வண்டியை. மாட்டின் கழுத்தில் நுகத்தடி அறுத்த புண்ணில் ஈ மொய்த்தது.

“இதைப் பூட்ட எப்படிய்யா மனசு வந்துச்சு?”

“பூட்டலேன்னா எனக்குக் கசையடிம்மா,” என்றவன், துண்டால் ஈயை விரட்டினான்.

பாரத்தைப் பாதியாக்கச் சொல்லி அவள் அறிக்கை எழுதினாள். கருணைத்துறை அமைச்சர் பராங்குசர் நேரில் அழைத்துப் பாராட்டினார். மறுநாள் ஆணை வந்தது: புண்பட்ட கழுத்துகளுக்குப் பச்சைப் பட்டுப் போர்த்துக. பட்டுக்கடியில் புண் சீழ் பிடித்தது. அதையும் எழுதினாள். பட்டை விலக்கிப் பார்ப்பது மாட்டின் மானத்தைக் குலைப்பதாகும், ஆய்வாளர்கள் ஏழடி தள்ளி நிற்க என்று அடுத்த ஆணை வந்தது. தள்ளி நின்றாலும் கதறல் கேட்கிறதே என்று எழுதினாள். மாடுகளின் வாயைக் கட்டினார்கள்.

ஒரு நண்பகலில் சின்னாண்டியின் மாடு பாதையில் சரிந்தது. அஞ்சுகம் ஏழடியை மறந்து ஓடி அதன் தலையை மடியில் ஏந்தினாள். வாய்க்கட்டை அவிழ்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. சின்னாண்டி மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

அன்றே அவள், குடிமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசசபை நடுவில் போய் நின்றாள். “இனி ஒரு மாட்டையும் பூட்டக் கூடாது. இல்லையென்றால் என் வேலை எனக்கு வேண்டாம்.”

அரசர் கண் கலங்கினார். “அப்படியே ஆகட்டும். இன்று முதல் தண்ணளிபுரத்தில் எந்த மாடும் நுகம் சுமக்காது.”

ஊரே வெடி வெடித்தது. அஞ்சுகமும் யாரோ நீட்டிய சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையிலும் கல்வண்டிகள் மலையேறின. நுகத்தடியில் மனிதர்கள் இருந்தார்கள். முதல் வண்டியில் சின்னாண்டி.

அவள் அமைச்சரிடம் ஓடினாள். “மனுசங்களைப் பூட்டியிருக்காங்க, ஐயா!”

பராங்குசர் சட்டநூலை நிதானமாகப் புரட்டினார். “தாங்கள் விலங்குகளுக்கான ஆய்வாளர். அவர்களோ வாக்குரிமை பெற்ற குடிமக்கள். தம் பாரத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் தகுதியுள்ளவர்கள். அதில் குறுக்கிட்டு அவர்களை இழிவுபடுத்தாதீர்கள்.”

தன் கோரிக்கை செய்த வினையைப் பார்க்க அவள் மலைப்பாதைக்குத் திரும்பினாள். சின்னாண்டியின் பிடரி உரிந்து ரத்தம் கசிந்தது. அவன் முகத்தைப் பார்க்க அவள் துணியவில்லை.

“அழாதீங்கம்மா,” என்றான் அவன். “என்னை மாடுன்னு எழுதிக்குங்க. இந்த நாட்டுல மாட்டுக்குத்தானே சட்டம் இருக்கு.”

அப்படியே எழுதி முத்திரை வைத்தாள். கல்வண்டி மேற்பார்வையாளர் இரண்டு முறை படித்தார். சட்டம் சட்டம்தான். அவனை அவிழ்த்துவிட்டார்.

விடிந்தபோது அவள் அலுவலக வாசலிலிருந்து மலையடிவாரம் வரை வண்டியிழுப்பவர்களின் வரிசை நின்றது. விரல் வீங்கும்வரை எழுதினாள். உச்சிவேளையில் பறையறைந்தபடி ஒரு சேவகன் வந்தான்.

“மாடாகப் பதிந்தவர் எவருக்கும் வரும் தேர்தலில் வாக்குக் கிடையாது!”

அஞ்சுகம் எழுதுகோலைக் கீழே வைத்தாள். “கேட்டீங்கல்ல? போறவங்க போயிரலாம்.”

வரிசை அசையவில்லை. முன்னால் நின்ற பெண் முந்தானையை விலக்கி, காய்ப்பேறிய தோளைக் காட்டினாள்.

“எழுதுங்கம்மா,” என்றாள்.