பாசிக்கு வைத்த பொட்டு

கும்பிட்டே உயிரைக் கொன்றவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். அதுவும் ஓர் உயிர் இரண்டு உயிர் இல்லை, கோடிக்கணக்கில். (சரியான கணக்கைக் கேட்காதீர்கள். கணக்குப் பார்க்கிற கருவியைத்தான் குருடாக்கியிருந்தேன்.)

புனேயில், சாங்வியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் ஒரு சின்னக் கூடம். அங்கே பாசி வளர்த்தோம். குளத்துப் படியில் காலை வழுக்கிவிடுமே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. பிறவியில் பச்சை. அதற்குள் ஒரு மரபணுவை நுழைத்து, செங்கல் நிறத்தில் ஒரு சாயத்தைத் தானாகவே சுரக்க வைத்திருந்தோம். அந்தச் சாயத்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் பண்ணை இறாலுக்கு நல்ல நிறம் வரும். நிறமில்லாத இறாலைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வைத்திருந்தோம் என்று பன்மையில் சொல்வது என் பேராசை. செய்தவர் சுமேதா மேடம். கல்லூரி வேலையை விட்டுவிட்டு அந்த ஒரு மரபணுவோடு மல்லுக்கட்டியவர். அது பாசிக்குள் ஒட்டி நிலைப்பதற்குள் அவர் தலை நரைத்துவிட்டது. நான் வளர்ப்பறைப் பொறுப்பாளர். அதாவது, அந்தச் சிவப்புக்குச் செவிலித்தாய்.

அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவர் நீளத்துக்கு மேலும் கீழுமாக வளைந்தோடும் கண்ணாடிக் குழாய்கள். அவற்றுக்குள் ஓயாமல் ஓடும் செம்மண் வெள்ளம். காலையில் விளக்குகளைப் போட்டதும் அறை முழுக்க ஒரு விடியல் கசியும். என் முகம், கை, வெள்ளைக் கோட்டு எல்லாம் சிவந்துவிடும். அதற்குள் நிற்கும்போதெல்லாம், ஏதோ பெரிய விலங்கின் ரத்த நாளத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு எதையும் அப்படித்தான் பார்க்கத் தெரியும். வினையே அங்கிருந்துதான் தொடங்கியது.

குழாயின் ஒரு பக்கம் ஒரு குட்டி விளக்கு. எதிர்ப்பக்கம் சட்டைப் பொத்தான் அளவு கண்ணாடி. அதன் பின்னால் ஒரு சென்சார். பாசியை ஊடுருவி எவ்வளவு ஒளி வருகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒளி குறைந்தால் பாசி அடர்ந்துவிட்டது என்று பொருள். உடனே பம்ப் ஓடும். புது ஊட்டநீர் உள்ளே வரும், அதே அளவு பாசிநீர் வெளியே போகும். ஆள் இருக்கிற நாளில் அது அறுவடைத் தொட்டிக்குப் போகும். விடுமுறை என்றால் குளோரின் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவோம். மரபணு மாற்றிய பாசி ஒரு சொட்டுக்கூட உயிரோடு வெளியே போகக்கூடாது.

அந்தத் தசராவுக்கு நெல்லூரிலிருந்து ரமணய்யா வருவதாக இருந்தது. இறால் தீவனம் செய்கிறவர். விஜயதசமி காலையில் வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் ஆண்டு முழுவதற்கும் எங்கள் சிவப்பை எடுத்துக்கொள்வார். பிடிக்கவில்லையென்றால் கூடத்தைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று மேடம் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். சொன்ன பிறகு வெகுநேரம் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. மேடம் சாத்தாராவில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் இந்தியில்தான்.

"கல்யாணி, இங்க பூஜைய நீங்களே உங்க ஊர் முறைப்படி பண்ணிடுங்க. நாளைக்கு நமக்கு எல்லா சாமியும் வேணும்."

எல்லா சாமியும்! இந்த வார்த்தை போதாதா எனக்கு?

சாமந்தியும் மாவிலையும் வாங்கிவந்தேன். சந்தனம் குழைத்தேன். பம்புக்குப் பொட்டு. ஏ.சி.க்குப் பொட்டு. மைக்ராஸ்கோப்புக்கு, தராசுக்கு, மேடத்தின் நாற்காலிக்கு, துடைப்பத்துக்கு. கடைசியில் குழாய்களுக்கு முன்னால் வந்து நின்றேன். வளைந்து வளைந்து போகிற கண்ணாடிக்கு நெற்றி எது? தேடினேன். அந்தப் பொத்தான் கண்ணாடி தெரிந்தது. வருஷம் முழுக்க இமைக்காமல் எங்களுக்காக விழித்திருந்த கண். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (பக்தியோடுதான். இப்போது நினைத்தால் வேறு காரணத்துக்காகப் போட்டுக்கொள்கிறேன்.) குழாய்க்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. விரல் நுழைந்தது. தாராளமாக, வட்டமாக, நடுவில் குங்குமத்தோடு வைத்தேன்.

படித்தவள்தானே, அது ஒளியை மறைக்கும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். மேடமும் கேட்டார். பூஜையில் வைத்த பொருளுக்கு அன்றைக்கு ஓய்வு என்பது சிறு வயதிலிருந்து எங்கள் கையில் ஊறிய எண்ணம். புத்தகத்தைத் திறக்க மாட்டோம், கத்தரிக்கோலை எடுக்க மாட்டோம். பொட்டு வைத்த கணத்திலேயே என் மனத்துக்குள் அந்த இயந்திரம் நின்றுவிட்டது. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை.

சூடம் காட்டி, பொரியும் கடலையும் படைத்து, வெளியேறும் குழாயை மறக்காமல் குளோரின் பக்கம் திருப்பிவிட்டு, கதவைப் பூட்டினேன். உள்ளே பம்ப் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. வாழ்த்து போலிருந்தது.

வீட்டில் என் கணவர் பூஜைப் பலகையைப் போட்டிருந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் எத்தனையோ வருஷம் இருந்தும் அவருடைய திருநெல்வேலித் தமிழில் ஒரு கீறல் விழவில்லை. அவருடைய ஸ்பானர், மகள் நந்தினியின் கல்லூரிப் புத்தகம், இவற்றுக்கு நடுவில் நான் ஆபீஸ் போனை வைத்தேன். அறையில் ஏதாவது கோளாறு என்றால் அந்தப் போனுக்குத்தான் செய்தி வரும். என் தொழிலுக்கு அதுவும் ஆயுதம்தானே? திரையில் ஒரு பொட்டு வைத்து, பொரிக் குவியலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன்.

பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது போன் உறுமியது.

"ஏட்டி, ஒம் போனு அடிக்கி."

"பூஜைல வெச்சதத் தொடக் கூடாதுங்க. வாழ்த்துச் செய்தியா இருக்கும்."

மறுபடி உறுமியது. மறுபடி. அதிர்ந்து அதிர்ந்து பலகையின் மேல் அது நகரத் தொடங்கியது. நந்தினிக்குத் தமிழ் நின்று நின்றுதான் வரும்.

"அம்மா, போன்... நடக்கறது. தேக்கோ நா, பாரேன்! பொரி உள்ள போறது."

உண்மைதான். பொரிக் குவியலை முட்டி முட்டி, உள்ளே தலையை நுழைத்து, சரஸ்வதி படத்தின் காலடிக்குப் போய் நின்று, அங்கேயும் நடுங்கியது.

"எல்லாம் ஒரே ஆளு அனுப்புத மாதிரில்லா இருக்கு? எடுத்துப் பாரேன்" என்றார் அவர்.

நான் பார்க்கவில்லை. கண் கலங்கிக் கைகூப்பினேன். "அம்பாள் ஏத்துக்கிட்டா" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய வாக்கியங்களில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். அங்கே செத்துக்கொண்டிருந்தவை கடைசிவரைக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கின்றன.

மறுநாள் காலையில் கூடத்தின் கதவைத் திறந்தபோது வித்தியாசமான ஒரு சத்தம் கேட்டது. உறிஞ்ச எதுவும் மிச்சமில்லாத பம்ப், வெறும் காற்றை இழுத்துக் கரகரத்துக்கொண்டிருந்தது. ஊட்டநீர்த் தொட்டி காலி. விளக்கைப் போட்டேன். விடியல் வரவில்லை.

குழாய்கள் முழுக்கத் தண்ணீர். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் எழுத்து அவற்றின் வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. அத்தனை தெளிவான தண்ணீரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. என் கையைப் பார்த்தேன். வெறும் கையின் நிறத்தில் இருந்தது. சுற்றவைக்கும் மோட்டார் தனி என்பதால் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாருமில்லாத வீட்டில் சுற்றுகிற மின்விசிறி போல. நடுவில் அந்தப் பொட்டு மட்டும் காய்ந்து, கெட்டிப்பட்டு, மங்களகரமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் சென்சார் "அடர்த்தி, அடர்த்தி, இன்னும் அடர்த்தி" என்று அலறியிருக்கிறது. பம்ப் நம்பிக்கையோடு கரைத்து, கரைத்து, வெளியே ஊற்றியிருக்கிறது.

மேடம் வந்தார். குழாயைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விரலில் இன்னும் சந்தனக் கறை.

"அதுக்குத்தான் தெரியாது கல்யாணி. உங்களுக்காவது தெரியாதா?"

 நான் பொட்டு வைத்திருந்த தன் நாற்காலியில் அவர் மெதுவாக உட்கார்ந்தார். முன்னால் படைத்திருந்த தட்டை எடுத்து, பொரியை ஒரு பிடி வாயில் போட்டு மென்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பொரி நொறுங்கும் சத்தம் இருக்கிறதே...

வாசலில் கார் வந்து நின்றது.

ரமணய்யா கனத்த மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். மெட்ராஸில் படித்ததால் என்னோடு தமிழில் பேசினார், மேடத்துக்கு நான் அவ்வப்போது இந்தியில் சொன்னேன். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சிகப்பு எங்கம்மா?"

மேடம் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன், "பூஜை பண்ணினோம் சார்." (அதைவிட மோசமாக ஆரம்பித்திருக்க முடியாது.)

முழுவதையும் கேட்டார். குனிந்து பொட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "நேத்து எங்க மில்லுலயும் பூஜை. நானும் எல்லா மிஷினுக்கும் வெச்சேன்" என்றார். கொஞ்சம் முகம் வெளுத்தது போலிருந்தது. பிறகு கேட்டார், "உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

குளோரின் தொட்டியைக் காட்டினேன். மூடியைத் திறக்கச் சொன்னார். நெடி முகத்தில் அடித்தது. சிவப்பெல்லாம் வெளுத்து, பழைய கஞ்சித் தண்ணீர் போல் கிடந்தது.

"இதுல ஒண்ணாவது உயிரோட இருக்கா? எனக்குப் பாக்கணும்."

மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். இன்னொரு சொட்டு கேட்டார். தொட்டியின் அடியிலிருந்து இன்னொன்று. நானும் பார்த்தேன். அசைவது எதுவுமில்லை. உடைந்த ஓடுகள், நிறமில்லாத சின்னச் சின்ன வட்டங்கள். மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். துக்க வீடு மாதிரிதான் இருந்தது. சாமந்தி மாலையும் இருந்ததால் குறையொன்றும் இல்லை.

"எனக்கு ஒரே பயம்தான்ம்மா" என்றார் ரமணய்யா. "மனுஷன் மாத்தி வெச்ச ஜீவன். தப்பிச்சு வந்து நாளைக்கு என் ஜனங்க குளத்துல எறங்கிட்டா? உங்க பேப்பர்ல வராது வராதுன்னு எழுதியிருந்தீங்க. பேப்பர்ல எல்லாரும் எழுதுவாங்க. இவ்ளோ பெரிய முட்டாத்தனம் நடந்தும் ஒண்ணுகூட வெளிய போகல. அத இப்பதான் நம்பறேன்."

மேடம் நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன்.

"ஆனா சிகப்பப் பாக்காம சிகப்பு வாங்க முடியாதில்லையா? வளத்துட்டுக் கூப்பிடுங்க."

போய்விட்டார். கையெழுத்து இல்லை.

ஃபிரிட்ஜில் ஒரு தாய் வித்து இருந்தது. தீக்குச்சித் தலையளவு சிவப்பு. அதிலிருந்து தொடங்கினோம். சின்னக் குடுவை, பெரிய குடுவை, ஜாடி, குழாய். இந்தப் பாசியை அவசரப்படுத்த முடியாது. அந்த வாரங்களில் மேடம் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. வேலையை விடச் சொல்லவுமில்லை. குளிர் வந்தது. ஒவ்வொரு நாளும் குழாயின் பின்னால் காலண்டர் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. எழுத்து முழுக்க மறைந்த காலையில், மேடம் இரண்டு கோப்பைத் தேநீரோடு அறை வாசலில் வந்து நின்றார். ஒன்று எனக்கு. சங்கராந்தி கழிந்து ரமணய்யா திரும்ப வந்தார். சிவந்த அறைக்குள் நின்று தூரத்திலிருந்தே கும்பிட்டார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

கூடம் பிழைத்தது. என் மானம் பிழைக்கவில்லை. வீட்டில் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வருவதே நின்றுபோனது. நந்தினியின் கல்யாணத்தில்தான், வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மராட்டிப் பையன். மூக்குக் கண்ணாடி போட்டவர். நான் கிண்ணத்தோடு அவர் முன்னால் போய் நின்றதும் பின்னாலிருந்து என் கணவரின் குரல்.

"மாப்ளே, கண்ண நல்லா மூடிக்கிடுங்க. அத்தைக்காரி பாசத்துல கண்ணுலயே வெச்சிருவா. பொறவு நீங்க அடர்த்தியா இருக்கியன்னு நெனச்சிக் கரைச்சி வெளிய ஊத்திருவாங்க."

மாப்பிள்ளை விழித்தார். "காய் ஜாலா?" என்றார் அவருடைய அம்மா, என்ன ஆயிற்று என்று. அவ்வளவுதான். மணப்பெண் நந்தினி, மணவறையில் உட்கார்ந்தபடியே, போன் பொரிக்குள் நடந்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். மராட்டியில் அவளுக்குத் தடுமாற்றமே கிடையாது. வாத்தியார் முகூர்த்தம் தப்பிவிடும் என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

கதை முடிந்தபோது சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் மூக்குக் கண்ணாடிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையாக, கண்களை இறுக மூடி நின்றார்கள். நான் ஒவ்வொருவராகப் போய் நெற்றி எது என்று நிதானமாகப் பார்த்துப் பொட்டு வைத்தேன். வரிசையின் கடைசியில் சுமேதா மேடம் நெற்றியை என் பக்கம் நீட்டியபடி நின்றிருந்தார்.

அவர் மட்டும் கண்ணை மூடவில்லை.