ஈக்காரரும் என் பாட்டிலும்

புதுக்கோட்டையில் பேய்க்குப் பயப்படாத மாணவன் உண்டு. ஈக்காரருக்குப் பயப்படாதவன் கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் காலேஜில் விலங்கியல் லேபைக் கவனித்த டெமான்ஸ்ட்ரேட்டர் அவர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைத்தெருவில் அழுகிய வாழைப்பழம் கேட்பார். கடைக்காரர் இரக்கப்பட்டு நல்ல பழம் இரண்டு சேர்த்தால் சண்டைக்குப் போவார். "எனக்கா கேட்டேன்? என் புள்ளைகளுக்கு நல்ல பழம் ஆகாதுங்க."

பிள்ளைகள் என்றால் பழ ஈக்கள். மெட்ராஸிலிருந்து பாட்டிலில் அடைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவை. வெயில் நாளில் பாட்டில்களை ஈரமணல் பானைக்குள் இறக்கி, தன் குடையைப் பானைக்கு விரித்துவிட்டு, அவர் வெயிலில் நடந்து போவார். பூச்சிமருந்தடிக்க வந்த ஹாஸ்டல் சமையல்காரரின் பம்பைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டவர்.

எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டில். முழு இறக்கை ஈயும் குட்டை இறக்கை ஈயும் ஜோடி. பிள்ளைகள் எல்லாம் முழு இறக்கையோடு பிறக்கும். பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்குக் குட்டை இறக்கை திரும்பிவரும். "படிச்சா மறந்துரும்டா. நீயே வளத்து நீயே எண்ணு."

ஈதரில் மயக்கித்தான் பார்க்க வேண்டும். "தூங்குற ஈ ரெக்கைய மடிச்சிருக்கும். தூக்கிருச்சுன்னா செத்துருச்சு. சாகடிச்சவன் ரெக்கார்டுல கையெழுத்துப் போட மாட்டேன்." கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. அரிமளத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான்.

பிள்ளைகள் பிறந்த அன்று, பயத்தில் அவசரப்பட்டு, இரண்டு சொட்டு விடவேண்டிய இடத்தில் ஈதரைக் கொட்டிவிட்டேன். அத்தனை ஈயும் இறக்கையைத் தூக்கிவிட்டன.

யாருக்கும் தெரியாமல் பழக்கடையில் எட்டு ஈ பிடித்துப் பாட்டிலில் விட்டேன். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் கடை ஈயின் வம்சத்தில் குட்டை இறக்கை எங்கிருந்து வரும்? அது விட்டபிறகுதான் உறைத்தது. பேரப்பிள்ளைகள் பிறக்கப் பன்னிரண்டு நாள். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்ணும் நாளில் பிரின்சிபால் வந்தார். 'இது காலேஜா, பழக்கடையா' என்று ஏற்கெனவே கேட்டவர். பாடம் பலிக்காவிட்டால் பானைகள் வெளியே என்று கெடுவும் வைத்திருந்தார். பதினாறு பாட்டிலில் அவர் கை என் பாட்டிலுக்குத்தான் நீண்டது.

"எங்கய்யா ஒங்க குட்டை ரெக்கை? ஒண்ணக்கூடக் காணோமே."

ஈக்காரர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிரின்சிபால் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னோடதுங்க. ஜோடி போடுறப்ப மாத்திப் போட்டுட்டேன்."

மற்ற பாட்டில்களை ஈக்காரர் எடுத்துக் காட்டுவதற்குள் பிரின்சிபால் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். மறுநாள் பானைகள் வெளியேறின. ஆனால் என் ரெக்கார்டில் கையெழுத்து விழுந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, விராலிமலை பஸ்ஸில் ஈக்காரர் பானையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூப்பிட்டார்.

"எங்கடா புடிச்ச?"

"பழக்கடையிலங்க சார்."

"நல்ல ஈடா. ரெக்கை அம்சமா இருந்துச்சு."

"ஏன் சார் என்னயச் சொல்லல?"

"ஒனக்குப் போனா ஒரு வருசம். ஈக்கு என்ன, பன்னெண்டு நாளு."

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்றும் வீட்டில் வாழைப்பழம் வாங்கினால் ஒன்றை அழுகவிட்டு வைக்கிறேன். வருகிற ஈயின் இறக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, விரட்டாமல் விட்டுவிடுகிறேன்.