நூறு கிலோமீட்டருக்கு மூன்று டயர்

நம் வம்சத்திலேயே முதன்முறையாக ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கப்போகும் திருநிறைச்செல்வி மருமகளுக்கு, உன் தாய்மாமன் பெருமை பொங்க எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். என் இடுப்பு சுகமா என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்.

எழுபது கிலோமீட்டர் தார் ரோடு, முப்பது கிலோமீட்டர் சரளை, எந்த டயர் போடலாம், வெள்ளிக்கிழமைக்குள் கடையில் சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டாய். உன் அப்பாவைக் கேட்கவில்லை, கடைக்காரரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாய். அப்போது என் நெஞ்சு விரிந்த விரிப்பில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன. ஒன்று இன்னும் அகப்படவில்லை. போன வருஷம் சரளையில் கால் வைத்ததுமே டயர் வெடித்து, வேனில் ஏறி அழுதுகொண்டே திரும்பி வந்தாய். மட்ட ரக டயர். இந்த வருஷமும் அப்படி நடக்க விட்டால் நான் என்ன மாமன்? எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரிடம் மூன்று வகை டயர் இரவல் வாங்கி, மூன்று நாள் என் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கினேன்.

முதல் நாள் மெல்லிய டயர். விரல் பருமன், வழவழவென்று இருக்கும். நான் காற்றடிக்கும் அழகு உனக்குத் தெரியும்: தட்டினால் கதவைத் தட்டியது மாதிரி 'டொக்' என்று கேட்க வேண்டும். தார் ரோட்டில் பறந்தேன். ஒரு பஸ்ஸையே முந்தினேன். அது நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம். சரளையில் இறங்கியதுதான் தாமதம், ஒவ்வொரு கல்லும் என் பற்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தது. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரோடு போடுகிறவர் ஒருத்தர் ஓடி வந்து, "ஐயா, தேடுறது கண்ணாடியா, பல்லா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தை, காத்தைக் கொஞ்சம் கொறச்சுக்கக் கூடாதா என்றாள். காத்துல கஞ்சத்தனம் நம்ம பரம்பரையிலேயே கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

இரண்டாம் நாள் பட்டன் டயர், மேலெல்லாம் ரப்பர் மொட்டு, டிராக்டருக்குத் தம்பி மாதிரி. அதிலும் 'டொக்' கேக்கிற வரைக்கும் அடிச்சேன். சரளையை நல்லாத்தான் பிடிச்சது, ஆனா நாலடிக்கு ஒருதரம் என் இடுப்பைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சது. தார் ரோட்டுலயோ, அது போட்ட 'விர்ர்' சத்தத்துக்கு ஜன்னல் ஜன்னலா ஜனங்க எட்டிப் பாக்குறாங்க, வண்டி மட்டும் நகரமாட்டேங்குது. குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போன ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பாத்து, தண்ணி வேணுமான்னு கேட்டாங்க.

மூன்றாம் நாள் நடுத்தர டயர்: நடுவில் வழவழப்பு, ஓரத்தில் சின்னச் சின்னப் பட்டன். நான் காற்றடித்துவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனேன். உன் அத்தை குனிந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த மாபெரும் ஆராய்ச்சியில் அவள் பங்கு அவ்வளவுதான். அன்றைக்கு என்ன ஓட்டம் என்கிறாய்! தாரில் காற்று, சரளையில் மெத்தை. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அதே ரோடுக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

ஆகவே முன்னும் பின்னும் நடுத்தர டயர்தான் என்று கடையில் சொல். யார் சொன்னது என்று கேட்டால், என் பெயரை நிதானமாக, கேட்கும்படி சொல். கால் சலிக்காமல், சங்கிலி கழலாமல், நூறாவது கிலோமீட்டரில் சிரித்த முகத்தோடு இறங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பயிற்சியாளர், ஆலோசகர், தாய்மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அத்தை இதைப் படித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சக்கரத்தைத் துடைக்கவில்லையாம். கொண்டை ஊசியால் வால்வை அழுத்தி இரண்டு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டிருந்தாளாம். "நீங்க அடிச்சா எந்த டயரும் உலக்கைதான்" என்கிறாள். இன்று காலை அவள் சொன்ன அளவுக் காற்றோடு அந்த மெல்லிய டயரையே சரளையில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது. நடுத்தர டயரே போடு, தப்பில்லை. போன வருஷம் நீ கிளம்பும்போது உன் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தது யார் என்று வேறு கேட்கிறாள். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும் இடத்துக்கு இருவரும் வருகிறோம். டயரை அத்தை கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். நான் கை தட்டுவேன். பம்ப்பை மட்டும் என் கண்ணில் காட்டாதே.