கருப்பியை விற்கப் போவதில்லை, மாமா

ஸ்பிரிங்வெளி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தெமோதரையில் நீங்களும் அத்தையும் சுகமாகவும், உங்கள் முழங்கால் வலி மட்டும் சுகமில்லாமலும் இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கு நானும் உங்கள் மகள் லெட்சுமியும் நலம். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் கல்யாணச் சீராகத் தந்த பசு கருப்பிக்கு முதல் கன்றுக்குப் பிறகு சினை நிற்கவில்லை, பாலும் வற்றுகிறது என்று, ஞாயிறன்று மாட்டு யாபாரியோடு வருவதாகச் சொன்னீர்கள். வரவேண்டாம். நான் விற்கமாட்டேன். குறை மாட்டில் இல்லை.

முதல் தடவை அவள் பருவத்துக்கு வந்து கத்தியது விடியற்காலை. சினை ஊசி போடும் அஸ்ஹரை அன்று மாலைக்குள் வரவழைக்க வேண்டும் என்று சிக்னல் தேடித் தேயிலை பெக்டரி வளைவு வரை ஏறினேன். சிக்னல் வந்தது, போனில் சார்ஜ் போய்விட்டது. மறுநாள்தான் கூப்பிட முடிந்தது. மத்தியானம் வந்தவர், "இவ்வளவு நேரம் கழிச்சுக் கூப்பிட்டா மாடு என்ன செய்யும் அண்ணே?" என்று சொல்லிக்கொண்டே போட்ட ஊசி நிற்கவில்லை. இருபத்தொரு நாள் கழித்து மறுபடி கத்தினாள், அஸ்ஹரும் நேரத்துக்கு வந்தார், ஆனால் கூடவே பனிமூட்டமும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியாயி அக்காவின் கொட்டகை ஒழுகியதால் அவர் மாடும் எங்கள் கொட்டகையில்தான் நின்றது. இரண்டும் கறுப்பு. நான் கையைக் காட்டினேன், அஸ்ஹர் ஊசியைப் போட்டார், அப்புறம்தான் உங்கள் மகள் ஓடிவந்து, "ஏங்க, அது அக்கா மாடுங்க!" என்றாள். அஸ்ஹர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கருப்பிக்கும் ஒன்று போட்டார். இப்போது அக்காவின் மாட்டுக்கு வயிறு பெருத்து, அவர் லயத்து வீடுகளுக்கெல்லாம் பாயாசம் கொடுத்தாயிற்று. கருப்பியோ ஏழு வாரத்தில் திரும்பவும் கத்தினாள். அன்றைக்குப் பார்த்து மண் சரிந்து ரோட்டை மூட, அஸ்ஹர் பாதி வழியில் திரும்பிவிட்டார். அக்கா கருப்பியைப் பார்த்து "பாவம்"னு சொல்லிட்டுப் போறாங்க மாமா, அதைத்தான் என்னால தாங்க முடியல.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். குடல்பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. புண்ணாக்கில் தாதுப்பொடி கலந்து வைக்கிறேன். காலையும் மாலையும் அரைமணி நேரம் உட்கார்ந்து, பருவத்துக்கு வருகிறாளா என்று அவளையே பார்க்கிறேன். "என்னைய ஒரு நாளாவது இப்பிடிப் பாத்திருக்கீங்களா?" என்கிறாள் உங்கள் மகள். கேட்கட்டும். நாளை அஸ்ஹர் சோதிக்க வருகிறார். கோளாறு இருந்தால் வைத்தியம். இல்லையென்றால் அடுத்த ஊசி, அதுவும் தவறினால் அதற்கடுத்தது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கோபம் தணிய வேண்டும்,

மருமகன்
கிருஷ்ணராஜ்

பி.கு.: தபாலில் போடுமுன் அஸ்ஹர் வந்துவிட்டார். தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டவர், "மூணு மாசச் செனை அண்ணே" என்றார். "அப்ப ஏன் கத்துனா?" என்றேன். "செனையா இருந்தாலும் சிலது அப்பிடித்தான்." அந்த இரண்டாவது ஊசியே நின்றிருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஞாயிறன்று வாருங்கள், யாபாரி மட்டும் வேண்டாம். ஒரே ஒரு சங்கடம். பெரியாயி அக்கா தன் மாட்டையும் பார்க்கச் சொன்னார். உள்ளே கன்று இல்லை, புல்தான். "பருவத்துக்கு வராத மாட்டுக்கு ஊசி எப்பிடி நிக்கும்?" என்றார் அஸ்ஹர். அக்கா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். தப்பான மாட்டைக் காட்டியது என் கை. அந்த மாடு சினைப்படும்வரை பருவ நாள் பார்ப்பதும் அஸ்ஹரைக் கூப்பிடுவதும் என் வேலை என்றேன். "விடுங்க தம்பி" என்றார் அக்கா. விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.